வீட்டில் யார் இருக்கிறார்கள்?

வணக்கம் ஐயா,

எனக்கு 63 வயது. சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் தனியாக இருக்கிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், பிறகு லோரி ஓட்டினேன். மனைவி தவறி இரண்டு வருடம் ஆகிறது. மகன் ஜொகூர் பாருவில், மகள் கோலாலம்பூரில். இரண்டு பேரும் தினமும் போன் போடுகிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடமாக பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, இனிப்புநீரும் (நீரிழிவு) கூடிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி. போன முறை கிளினிக்கில் ஒரு சின்ன வயது டாக்டர், "வீட்டில் யார் இருக்கிறார்கள் அங்கிள்?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தனியாக இருப்பது ஒரு வியாதியா? இது போதாதென்று, தனிமை ஒரு நாளைக்கு 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமம் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. மகன் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். உங்கள் கருத்து என்ன? பெயர் போட வேண்டாம்.

— ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

வணக்கம் அண்ணே,

நீங்கள் என்னைவிட மூத்தவர், அதனால் "ஐயா"வை உங்களிடமே திருப்பித் தந்துவிடுகிறேன்.

முதலில் அந்த சிகரெட் கணக்கு. 2023-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிக்கையால் அது உலகம் சுற்றியது. அதற்கு அடிப்படை ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியல் ஆய்வாளரின் வேலை. 2010-இல் அவர் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார். உறவும் பழக்கமும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று வந்தது. அதைப் புகைப்பழக்கத்தின் பாதிப்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் பிறந்ததுதான் அந்த 15. எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது. படிக்கிறவர் பயப்படுவார், அடுத்து என்ன செய்வது என்று தெரியாது.

2015-இல் அவரும் மற்றவர்களும் செய்த இன்னொரு தொகுப்பில், தனிமை உணர்வு இருப்பவர்களுக்கு இறப்பு அபாயம் 26 சதவீதம் கூடுதல் என்றும், தனியாக வசிப்பவர்களுக்கு 32 சதவீதம் கூடுதல் என்றும் வந்தது. நூற்றில் 26 பேர் போய்விடுவார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு காலகட்டத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் எப்படியும் இறப்பார்கள் என்றால், அது பன்னிரண்டு பதின்மூன்று ஆகும், அவ்வளவுதான். அதோடு நோயே ஆளைத் தனிமைப்படுத்தவும் செய்யும். முழங்கால் வலி வந்தவர் திருவிழாவுக்குப் போவதை நிறுத்துவார், அப்புறம் அவரைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

ஆனாலும் அந்த டாக்டர் கேட்டது சரியான கேள்வி. உங்களுக்கு வந்த கோபமும் எனக்குப் புரிகிறது. நம் ஊரில் "வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டால், பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்களா என்று கேட்பது போலத்தான் காதில் விழும். அவர் கேட்டது அதையல்ல.

சிக்காகோவில் 50 முதல் 68 வயது வரை உள்ள 229 பேரைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆரம்பத்தில் தனிமை உணர்வு அதிகம் இருந்தவர்களுக்கு, பின்னால் வந்த வருடங்களில் ரத்த அழுத்தம் கூடுதலாக ஏறியது. அந்தக் குழுவில் இருந்த ஜான் காசியோப்போ, தனிமை உணர்வைப் பசி, தாகம் மாதிரி உடம்பு கொடுக்கும் சமிக்ஞை என்று சொன்னார். கூட்டத்தை விட்டு விலகிய மிருகம் கண்ணை முழுசாக மூடாது, காது விழித்தே இருக்கும். மனித உடம்பும் அப்படிக் காவல் காக்கிறது. தூக்கம் துண்டு துண்டாகிறது, ரத்த அழுத்தம் இறங்க மறுக்கிறது. உங்கள் மூன்று மணி விழிப்பில் இதற்கும் பங்கு இருக்கலாம். இனிப்புநீரால் இரவில் எழுந்து போவதாகவும் இருக்கலாம். அதை டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

தனியாக இருப்பது உடம்பைப் பாதிக்கும் இன்னொரு வழி இதைவிட எளிமையானது, அதிகம் பேசப்படாதது. அதை நான் என் அம்மாவிடம்தான் கண்டேன்.

தோட்டத்தில் இருந்தபோது அம்மா அரிசியைப் பால் டின்னால் அளப்பார். எங்கள் வீட்டுக்கு நாலு டின். தோட்டத்தை மேம்பாட்டுக்குக் கொடுத்த பிறகு தாமான் வீடு வந்தது. ஓட்டு வீடு, உள்ளேயே கழிவறை, கேட். அப்பா போன பிறகும் அங்கேயே இருப்பேன் என்றார். நான் ஈப்போவிலிருந்து மாதம் இரண்டு முறை போவேன், தினமும் போன் பேசுவேன். "சாப்பிட்டியாம்மா?" "ஆச்சு." ஒரு நாள் சொல்லாமல் போய் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். ஒரு சட்டியில் சோறு, மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. திங்கட்கிழமை இரண்டு டின் போட்டு வடித்தால் வியாழன் வரைக்கும் அதுதான், தொட்டுக்கொள்ள நெத்திலி சம்பல். சாமிப் படத்துக்குப் பின்னால் கிளினிக்கில் இனிப்புநீருக்குக் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரைப் பாக்கெட்டுகள், இரண்டு மாதத்துக்குரியவை, பிரிக்காமலே இருந்தன. "ஒரு ஆளுக்கு எதுக்குடா அடுப்பு" என்றார். போனில் அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டார்தான்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இது நடந்திருக்காது. லயம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சம்சு சாராயமும் சண்டையும் அங்கே இருந்தன, பக்கத்து வீட்டு இருமல்கூட நம் வீட்டில் கேட்கும். ஆனால் விடியற்காலையில் பெரட்டு இருந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். சம்பளத்துக்காகச் செய்ததுதான், அன்புக்காக அல்ல. ஆனாலும் நம் தலையை ஒருவர் தினமும் எண்ணினார். ரப்பர் போய் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாகி, ஆட்கள் தாமானுக்கும் பட்டணத்துக்கும் சிதறியபோது நமக்கு நல்ல வீடு கிடைத்தது. எண்ணுகிற ஆள் போய்விட்டார்.

ஆகையால் நான் சொல்ல வருவது, "நண்பர்களைத் தேடுங்கள்" என்பதல்ல. 63 வயதில் புது சிநேகிதம் பிடி என்று சொன்னால் நானே ஓடிவிடுவேன். நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் யாருக்காவது தெரிய வேண்டும். அப்படி இரண்டு மூன்று இடங்கள் போதும்.

கோயிலில் கும்பிட்டுவிட்டு வருகிறவரை யாரும் தேடமாட்டார்கள். செவ்வாய், வெள்ளி விளக்குத் துடைக்கிற முறை உங்களுடையது என்றால் தேடுவார்கள். ஒட்டுக்கடையில் தினமும் ஒரே நேரத்துக்குப் போய் உட்காருங்கள், ஒரு வாரத்தில் கேட்காமலே தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) வந்துவிடும். பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். நாம் "பசியாறியாச்சா" என்கிறோம், அவர் "சுடா மாக்கான்" என்பார், இரண்டும் ஒரே விசாரிப்புதான். அரசாங்கக் கிளினிக்குகளில் வார்கா எமாஸ் (மூத்த குடிமக்கள்) கிளப் நடத்துவார்கள், சமூக நல இலாகாவின் முதியோர் நடவடிக்கை மையங்களும் பல ஊர்களில் உண்டு. பதிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள் போன் பேசுவது பெரிய விஷயம், ஆனால் அது ஒரே வகை உறவு. 1997-இல் 276 பேரின் மூக்கில் சளிக் கிருமியை விட்டு ஓர் ஆய்வு செய்தார்கள் (சம்மதம் வாங்கித்தான்). குடும்பம், வேலை, கோயில், அக்கம்பக்கம் என்று ஆறு வகையோ அதற்கு மேலோ தொடர்பு இருந்தவர்களோடு ஒப்பிட்டால், மூன்றோ அதற்குக் குறைவோ இருந்தவர்களுக்குச் சளி பிடிக்கும் அபாயம் நான்கு மடங்கு. பார்த்தது எத்தனை பேரைத் தெரியும் என்பதை அல்ல, எத்தனை வகை என்பதை.

கடைசியாக, ஜொகூர். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர்களா? வீடு அடுக்குமாடியா? அப்படியானால் பகல் முழுக்க நீங்கள் இப்போது இருப்பதைவிடத் தனியாக இருப்பீர்கள், கீழே இறங்கினால் தெரிந்த முகமும் இருக்காது. பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் வேலை உங்களுக்குக் கிடைக்குமென்றால் அது வேறு கதை. எதற்கும் ஒரு மாதம் இருந்து பாருங்கள். பிரஷர் மாத்திரையைக் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள். தாமான் வீட்டை இப்போதைக்கு விற்க வேண்டாம், வாடகைக்கும் விட வேண்டாம்.