வாசகர் கேள்வி பதில்: கீழே சேராத இரட்டைக் கதவு

கேள்வி: வரவேற்பறைக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவே உள்ள நான்கடி வாசலுக்கு முதிரை மரத்தில் இரட்டைக் கதவு செய்து பொருத்தினோம். மேலே இரண்டு கதவுகளும் ஒன்றாகச் சந்திக்கின்றன. கீழே மட்டும் இடக்கதவு 8 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கிறது. விளிம்பைச் சீவிவிட்டால் சரியாகும் என்கிறார் ஓடாவியார். சீவ விடலாமா, ஐயா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: சீவ விடாதீர்கள், அம்மா. சீவினால் கதவின் அகலம் குறையுமே தவிர, வெளியே தள்ளி நிற்பது குறையாது. முதலில் கதவைக் கழற்றிச் சமமான தரையில் கிடத்தி, நான்கு மூலைகளும் தரையில் படிகின்றனவா என்று பாருங்கள். படிந்தால் குற்றம் கதவில் இல்லை, கதவைத் தாங்கும் சட்டமான நிலையில்தான் இருக்கிறது. எங்கள் பகுதியில் பெரும்பாலும் நிலையை முதலில் நிறுத்தி, முட்டுக்கொடுத்து, அதை அணைத்தபடியே சுவரைக் கட்டுகிறார்கள்; அப்போது முட்டு சற்று நகர்ந்தாலும் ஒரு நிலைக்கால் முன்னாலும் மற்றது பின்னாலும் சாய்ந்து, சீமெந்து இறுகியபின் அப்படியே நின்றுவிடும். ஒற்றைக் கதவில் இந்தக் கோணல் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. இரட்டைக் கதவிலோ ஒவ்வொரு கதவும் தன்தன் நிலைக்காலின் சாய்வையே பின்பற்றுவதால், இரண்டும் சந்திக்கும் நடுவில் அது வெளிப்பட்டுவிடுகிறது.

மூலைக்கு மூலை நாடா பிடித்து, இரண்டு அளவும் ஒன்றென்றால் நிலை சரி என்று முடிவு கட்டுவோர் பலர். அந்த அளவு நிலை சதுரமாக இருப்பதைக் காட்டுமே அல்லாமல், முறுக்கிக்கொண்டிருப்பதைக் காட்டாது. முறுக்கைக் காண இரண்டு நூல் போதும். நிலையின் முன்முகத்தில் நான்கு மூலைகளிலும் சிறு ஆணி அடித்து, நூல்களைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் அவை மெல்லத் தொட்டுக்கொண்டால் முறுக்கு இல்லை. இடைவெளி தெரிந்தால், அதன் இரட்டிப்பே ஒரு மூலை விலகியிருக்கும் அளவு: உங்கள் வாசலில் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தெரிய வேண்டும். ஒரு நூல் மற்றதை அழுத்தி வளைத்தால், முன்னால் உள்ள நூலைப் பின்னாலும் பின்னால் உள்ளதை முன்னாலுமாக மாற்றிக் கட்டிப் பாருங்கள்.

8 மில்லிமீற்றருக்காகச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பிழையை இரு பக்கமும் பங்கிட்டுவிடலாம். இடக்கதவின் கீழ்ப் பிணைச்சலை 4 மில்லிமீற்றர் உள்ளேயும், வலக்கதவின் கீழ்ப் பிணைச்சலை 4 மில்லிமீற்றர் வெளியேயும் மாற்றுங்கள்; மேல்பிணைச்சல்களைத் தொட வேண்டாம். நடுப் பிணைச்சல் இருந்தால் அதை அந்தந்தத் திசையில் 2 மில்லிமீற்றர் நகர்த்த வேண்டும், ஏனெனில் மூன்றும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கதவு இறுகித் திருகாணியைப் பிடுங்கும். உள்ளே தள்ளும் பக்கத்தில், கதவு பதிந்து நிற்கும் நிலைப்படிவை அந்த அளவுக்கு உளியால் இழைத்துவிட வேண்டும். இதை மறந்தால் கதவு மூடாது. பழைய திருகாணித் துளைகளில் மரக்குச்சியைப் பசையுடன் அடித்து அடைத்துவிட்டுப் புதிய துளை போடுங்கள். முதிரையில் துளை போடாமல் ஆணியை முறுக்கினால், பித்தளையாயின் தலை முறிந்துவிடும். முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை முறுக்கிக் கழற்றிவிட்டு, சவர்க்காரம் தடவிய பித்தளையை இறக்குவது நல்ல ஓடாவிமாரின் வழக்கம்.

கேள்வி: இரட்டைக் கதவில் இரண்டு பக்கமும் பூட்டுப் போட வேண்டுமா?
- வாசகர், மாங்குளம்

பதில்: வேண்டாம். அடிக்கடி திறக்கும் கதவில் பூட்டும் கைபிடியும் போதும். மற்றதை மேலும் கீழும் தாழ்ப்பாளிட்டு நிறுத்துங்கள். மேல்தாழ்ப்பாள் மட்டும் போட்டுவிட்டுக் கீழே விட்டுவிடுவோர் உண்டு. கதவு அடியில் ஆடுவதற்கு அதுவே காரணம்.

கேள்வி: ஆவணியில் பொருத்திய உள்கதவு கார்த்திகையில் இறுகி, தோளால் தள்ளித் திறக்க வேண்டியிருக்கிறது. மரம் பச்சையா?
- வாசகர், நெடுங்கேணி

பதில்: பச்சை மரமாயின் கோடையில் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும், மாரியில் இறுகுவது காய்ந்த மரமும் செய்யும் வேலைதான். வன்னியில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் நன்றாக உலர்ந்த மரம், ஐப்பசி முதல் பெய்யும் மழையில் ஈரத்தை உறிஞ்சுகிறது; உயரத்தில் அல்ல, அகலத்தில் பருக்கிறது. இரட்டைக் கதவில் இரண்டின் பருப்பமும் கூடி நடுவில் வந்து முட்டும். அதனால் கோடையில் பொருத்தும்போது பக்கங்களிலும் நடுவிலும் 3 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இடைவெளி விட வேண்டும்.

இப்போதே சீவாதீர்கள்; உரசும் இடத்தைப் பென்சிலால் குறித்து மட்டும் வையுங்கள். மழையில் சீவிய கதவு சித்திரையில் விரல் நுழைய வழிவிடும். தை பிறந்து மரம் உலர்ந்தபின் அந்த அடையாளத்தைப் பார்த்து, அவ்விடத்தை மட்டும் சீவுங்கள். அதன்பின் கதவைக் கழற்றி, அதன் தலைப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடமென்று பெயின்ற் அடிப்பவர் விட்டிருந்தால் மரம் சொரசொரப்பாக இருக்கும். மரம் ஈரத்தை மிக வேகமாகக் குடிப்பது, இழை குறுக்காக வெட்டுப்பட்ட அந்த முகங்களில்தான். அந்த இரண்டு விளிம்புகளுக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுத்தபின் மாட்டுங்கள்.