10 மைக்ரோகிராம் புரதத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் மனித டி செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) வளர்க்கிறோம். அவற்றைப் பெருகத் தூண்டும் புரதமான மனித இன்டர்லியூக்கின்-2, மறுசேர்க்கை முறையில் (மனித மரபணுவை வேறு செல்லில் புகுத்தி) தயாரித்தது வேண்டும். மூன்று விலைப்புள்ளிகள் வந்துள்ளன. மூன்றிலும் அளவு 10 மைக்ரோகிராம். தூய்மை 95 சதவீதத்துக்கு மேல். விலை மட்டும் பல மடங்கு வேறுபடுகிறது. குறைந்த விலைக்குத்தான் அனுமதி என்கிறது கணக்குப் பிரிவு. என்ன செய்யலாம்?
ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: தூய்மைச் சதவீதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். குப்பியிலுள்ள புரதத்தில் எத்தனை பங்கு நீங்கள் கேட்ட புரதம் என்பதை மட்டுமே அது சொல்லும். அது சரியாக மடிந்திருக்கிறதா, செல்லைத் தூண்டுமா என்பது வேறு கேள்வி. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாராகும் இன்டர்லியூக்கின்-2 பெரும்பாலும் மடியாத திரளாகவே கிடைக்கிறது. அதைக் கரைத்து மறுபடி மடிய வைக்கும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும்.

நீங்கள் கேட்க வேண்டியது ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட் செயல்திறன் என்பதை. வழக்கமாக சிடிஎல்எல்-2 என்ற எலி டி செல் வரிசையை வைத்து இதை அளக்கிறார்கள். ஒரு தயாரிப்பு மில்லிகிராமுக்கு 1 கோடி யூனிட், இன்னொன்று 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் குப்பியின் 10 மைக்ரோகிராமில் 1 லட்சம் யூனிட் இருக்கும். மில்லிலிட்டருக்கு 50 யூனிட் சேர்ப்பவருக்கு அது 2 லிட்டர் செல் வளர்ப்பு ஊடகத்துக்கு வரும். மற்றது 400 மில்லிலிட்டரோடு தீர்ந்துவிடும். இரண்டாவது குப்பி பாதி விலைக்குக் கிடைத்தாலும் நஷ்டம்தான். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தர மாதிரியோடு ஒப்பிட்டு அளந்தது 'சர்வதேச யூனிட்'. வெறும் 'யூனிட்' என்றிருந்தால் அது விற்பவரின் சொந்த அளவுகோலாக இருக்கலாம். எதைக் குறிக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மனித செல்களில் தயாரித்தது என்று கூடுதல் விலை சொல்கிறார்களா? மனித செல்கள் புரதத்தில் சர்க்கரைச் சங்கிலிகளை ஒட்டும், ஈ.கோலை ஒட்டாது. ஆனால் இன்டர்லியூக்கின்-2 வேலை செய்ய அந்தச் சங்கிலிகள் தேவையில்லை. புற்றுநோய் சிகிச்சைக்கு அனுமதி பெற்ற ஆல்டெஸ்லியூக்கின் என்ற இன்டர்லியூக்கின்-2 மருந்தே ஈ.கோலையில் தயாராவதுதான். இங்கே பணத்தை மிச்சப்படுத்தலாம். மிச்சமானதை எண்டோடாக்சின் குறைந்த சரக்குக்குக் கொடுங்கள். பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் இந்த நச்சு சிறிதளவு கலந்தாலும், இரத்தத்திலிருந்து பிரித்த செல்களோடு இருக்கும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் கிளர்ச்சியடைந்து வேறு சைட்டோகைன்களை (செல்களைத் தூண்டும் புரதங்களை) சுரக்கும். பிறகு உங்கள் முடிவு இன்டர்லியூக்கினால் வந்ததா, அழுக்கால் வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

கணக்குப் பிரிவோடு சண்டை வேண்டாம். மில்லிகிராமுக்குக் குறைந்தபட்சம் எத்தனை சர்வதேச யூனிட், மைக்ரோகிராமுக்கு அதிகபட்சம் எவ்வளவு எண்டோடாக்சின், அந்தத் தொகுதிக்கே உரிய ஆய்வுச் சான்றிதழ் ஆகியவற்றைத் தொழில்நுட்ப நிபந்தனைகளாக எழுதி மறுபடி விலைப்புள்ளி கேளுங்கள். அதில் தேறியவர்களுக்குள் மலிவானதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: உலர்பொடி என்று அனுப்பிய குப்பி காலியாக இருக்கிறது. பனிப் பொதியும் உருகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
தனியார் ஆய்வக மேலாளர், சென்னை

பதில்: அவசரப்பட வேண்டாம். 10 மைக்ரோகிராம் என்பது கண்ணுக்குத் தெரியாத படலமாகக் கண்ணாடியில் ஒட்டியிருக்கலாம், மூடியிலும் இருக்கலாம். திறக்கும் முன் மையவிலக்கியில் ஒரு சுற்று சுற்றுங்கள். உறையவைத்து உலர்த்திய புரதங்கள் பல, சில நாள் அறை வெப்பநிலையைத் தாங்கும். தயாரிப்பாளரின் தாளில் அப்படி எழுதியிருந்தால் பனி உருகியது குறையாகாது. உறைந்த திரவமாக அனுப்பியிருந்தால் கதை வேறு: பிரித்த உடனே படமெடுத்து, அன்றே எழுதிக் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்தை நம்பியிருக்காதீர்கள். வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை 2019ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. மாற்றித் தரும் நிபந்தனையைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசிக்கு நிறையச் செலவாகிறது. இணையத்தில் 'ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று அதே புரதத்தை மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா?
வாசகர், மதுரை

பதில்: கூடாது. பெயர் ஒன்றுதான், சரக்கு ஒன்றல்ல. இந்தப் புரதத்துக்கு, இன்டர்லியூக்கின்-2 போலன்றி, சர்க்கரைச் சங்கிலிகள் இல்லாவிட்டால் உடலுக்குள் அது வெகுவிரைவில் வெளியேறிவிடும். ஆய்வகக் குப்பி ஈ.கோலையில் தயாரானதாக இருந்தால் அம்மாவுக்குப் பயனே இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 1998இல் ஐரோப்பாவில் முறையாக அனுமதி பெற்ற ஓர் எரித்ரோபொய்ட்டின் ஊசியில், நிலைப்படுத்தியாக இருந்த மனித ஆல்புமினை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தார்கள். அதன் பின் சிறுநீரக நோயாளிகள் சிலரின் உடல், ஊசியில் வந்த புரதத்தோடு தன் சொந்த எரித்ரோபொய்ட்டினையும் எதிர்க்கத் தொடங்கியது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி நின்று, இரத்தம் ஏற்றியே வாழும் நிலைக்குப் போனார்கள். கட்டுப்பாட்டுக்குள் இருந்த மருந்துக்கே இந்த நிலை. ஆய்வகக் குப்பியில் எதை நிலைப்படுத்தியாகச் சேர்த்தார்கள், கிருமி நீக்கினார்களா என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. அந்த 'மட்டும்' என்ற சொல்லே அதற்காகத்தான். இந்தியாவிலேயே தயாராகும், அனுமதி பெற்ற எரித்ரோபொய்ட்டின் ஒப்புமருந்துகள் உள்ளன. அவற்றில் எது அம்மாவுக்குப் பொருந்தும், அரசு மருத்துவமனையில் கிடைக்குமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள்.