மயில் தோகை, நண்டோட ஒத்தக் கை, மாப்பிள்ளையோட தாடி: நீங்க கேட்டதுக்கு என் பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல ஆண் பெண் உடம்பு ஏன் வேற வேற மாதிரி இருக்குன்னுதான், அதனால எல்லாத்துக்கும் சேத்தே எழுதிடறேன்.

செந்தோசால மயிலப் பாத்ததுலேருந்து பையன் கேக்குறான், இவ்ளோ பெரிய தோகைய இழுத்துக்கிட்டு அது எப்படிப் பொழைக்குது?

உங்க பையன் கேட்டதேதான் டார்வினையும் பாடா படுத்துச்சு. மயிலிறகப் பாத்தாலே உடம்புக்கு என்னமோ பண்ணுதுன்னு 1860ல நண்பருக்கு லெட்டர் எழுதினாரு, ஏன்னா உயிர் பொழைக்க உதவாத ஒண்ணு எப்படி நிலைச்சு நிக்கும்? 1871ல வந்த புத்தகத்துல பதில் சொன்னாரு: பொட்டை மயில் எதத் தேர்ந்தெடுக்குதோ அதோட சாயல்தான் அடுத்த தலைமுறைக்குப் போகுது. இதத்தான் பாலியல் தேர்வுங்கறோம்.

இத அழகா சோதிச்சவரு மால்ட்டே ஆண்டர்சன்ங்கற உயிரியல் ஆராய்ச்சியாளர். கென்யால அரை மீட்டர் வால் வளக்குற ஒரு குருவி இருக்கு, அதுல சில ஆண்களோட வால வெட்டி, வெட்டினத வேற ஆண்களுக்கு பசை போட்டு ஒட்டிட்டாரு, இன்னும் சிலதுக்கு வெட்டி அதே நீளத்துக்கே திரும்ப ஒட்டினாரு, வெட்டினதால வந்த வித்தியாசம்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு. நீள வால்காரன் எடத்துலதான் பொட்டைங்க அதிகமா கூடு கட்டுச்சுங்க. 1982ல வந்த ஆராய்ச்சி, இன்னைக்கும் பசங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இதான்.

எங்க புளோக் பின்னாடி லாங்காங்ல, அதான் வாய்க்கால்ல, இருக்குற மீன்ல சிலது மட்டும் கலர் கலரா இருக்கே?

அது கப்பி. கலரா இருக்குறது ஆண், கொஞ்சம் பெருசா சாம்பல் நிறத்துல இருக்குறது பெண். பளபளன்னு இருந்தா பொண்ணுக்குப் பிடிக்கும், ஆனா பெரிய மீன் கண்ணுலயும் பட்டுடும். ஜான் எண்ட்லர்ங்கற உயிரியல் ஆராய்ச்சியாளர் தொட்டில கப்பி வளத்துப் பாத்தாரு, வேட்டையாடுற மீன் கூட இருந்த தொட்டில சில தலைமுறைக்குள்ளயே ஆணோட புள்ளி கொறஞ்சுடுச்சு, அது இல்லாத எடத்துல கலர் கூடிடுச்சு.

புலாவ் உபின் தீவுல செக் ஜாவா கரையில இருக்குற நண்டுக்கு ஏன் ஒரு கை மட்டும் அவ்ளோ பெருசு?

தண்ணி வத்தின நேரத்துல அந்த நடைபாதைல நின்னு பத்து நிமிஷம் அசையாம பாருங்க. பெண் நண்டு ரெண்டு சின்னக் கையாலயும் மாத்தி மாத்தி சேத்த அள்ளி வாயில போடும். ஆணுக்கு சாப்பிட ஒரு கைதான், இன்னொன்னு உடம்பு எடையில பாதி வரைக்கும் கூட இருக்கும், அத மேல தூக்கித் தூக்கி ஆட்டிக்கிட்டே இருக்கும், வா வான்னு கூப்பிடற மாதிரி. சண்டைக்கும் அதே கைதான். சில இனத்துல கை ஒடிஞ்சு புதுசா மொளைச்சா அது லேசா, பலமில்லாம இருக்கும், ஆனா பாக்க பெருசாவே இருக்கறதால மத்த ஆண் நண்டுக்கு வித்தியாசம் தெரியாது.

எப்பவும் பெண்தான் தேர்ந்தெடுக்குமா?

இல்ல. மயில் உள்ளான்னு ஒரு பறவை, அதுல பெண்தான் பளிச்சுன்னு இருக்கும், அடைகாக்குறது ஆண். குஞ்சு வளக்குற பாரம் யார் தலையில விழுதுங்கறதப் பொறுத்து இது மாறும்.

தாடி வச்சாதான் பொண்ணுங்களுக்குப் பிடிக்குமா சார்?

2014ல ஆஸ்திரேலியால ஒரு ஆராய்ச்சி, சுத்தமா ஷேவ் பண்ண முகம் நெறைய இருந்தா தாடிக்காரன் பிடிக்குது, தாடி நெறைஞ்சிருந்தா ஷேவ் பண்ணவன் பிடிக்குது. ஆம்பளையோட கட்டக் குரல் கூட பொண்ணுங்கள விட மத்த ஆம்பளைங்கள மிரட்டத்தான் அதிகம் உதவிச்சுன்னு பல ஆராய்ச்சியாளருங்க நினைக்கிறாங்க.

மகளுக்கு வரன் பாக்குறோம். எல்லாரும் சிவப்பா பொண்ணு கேக்குறாங்க, இது இயற்கையான தேர்வுதானேன்னு எங்க அண்ணன் சொல்றாரு.

அம்மா, இல்லவே இல்ல. தோல் நிறத்துக்கு இணை தேர்வுதான் காரணம்னு டார்வினே நினைச்சாரு, அதுல அவரு சறுக்கிட்டாரு. இப்ப தெரிஞ்சது, வெயில் கடுமையா அடிக்கிற எடத்துல கருப்பு நிறம் ஃபோலேட் சத்து அழியாம காக்குது, அது கொறஞ்சா வயித்துல இருக்குற பிள்ளையோட முதுகுத்தண்டு பாதிக்கும்; வெயில் கொறஞ்ச எடத்துல விட்டமின் டி வேணும்னு நிறம் வெளுத்துச்சு. நாம இருக்குற சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே. உங்க மக நிறம் இந்த வெயிலுக்குன்னே அமைஞ்ச காப்பு. சிவப்பு வேணும்ங்கறது சாதியும் கிரீம் விளம்பரமும் சொல்லிக் குடுத்தது.

என்கிட்ட டியூஷன் படிச்ச ஒரு பொண்ணு, நல்லா நீந்துவா, செகண்டரி மூணுல திடீர்னு நிறுத்திட்டா, கேட்டா பாட்டி கருத்துடுவன்னு சொன்னாங்களாம், இப்ப நினைச்சாலும் எனக்கு மனசு ஆறல. பயோடேட்டால நிறம்னு இருக்குற வரிய இன்னைக்கே எடுத்துடுங்க. அண்ணன் கேட்டா எனக்கு எழுதச் சொல்லுங்க, நான் அவருக்கு விளக்கமா பதில் எழுதறேன்.