பிக்கப் வண்டி எத்தனை லட்சம் கிலோமீட்டர் தாங்கும்? கேள்வி பதில்

பிக்கப் வண்டியின் ஆயுளையும் பராமரிப்பையும் பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் தருகிறேன். இங்கே சொல்லும் எண்களும் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்களும் மாறுபட்டால், கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: வணக்கம் சார். ஒழுங்காக சர்வீஸ் செய்தால் டீசல் பிக்கப் எவ்வளவு தூரம் ஓடும்? 3 லட்சம் என்கிறார் ஒருவர், 5 லட்சம் என்கிறார் இன்னொருவர்.

இரண்டுமே நடக்கிறது. எஞ்சினைப் பிரிக்காமல் 3 லட்சம் கிலோமீட்டரைத் தாராளமாக எதிர்பார்க்கலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 4, 5 லட்சம் போகும் டீசல் எஞ்சின்களும் உண்டு. ஆனால் மீட்டரில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 2007 மாடல் டொயோட்டா டண்ட்ரா ஒன்று 2016-ல் 10 லட்சம் மைலைத் தொட்டது, ஏறக்குறைய 16 லட்சம் கிலோமீட்டர். ஒன்பது ஆண்டுக்குள் அவ்வளவு தூரம் என்றால் தினமும் 490 கி.மீ. வருகிறது. அப்படி ஓடும் எஞ்சின் பெரும்பாலும் சூடாகவே இருக்கும், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும் தடவைகள் குறையும், நெடுஞ்சாலையில் கியர் மாற்றுவதும் பிரேக் போடுவதும் குறையும். துரு அரிக்க ஒன்பது வருஷம்தான் கிடைத்தது. இதே தூரத்தை 40 வருஷத்தில் ஓட்ட நினைத்தால் எஞ்சினுக்கு முன்னால் இரும்பு போய்விடும்.

வண்டியின் வயதைக் கணக்கிட நான்கைப் பார்க்க வேண்டும்: ஓடிய தூரம், எஞ்சின் ஓடிய மணி நேரம், ஏற்றிய பாரம், கழிந்த வருஷங்கள். நின்ற இடத்தில் எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 40 கி.மீ. ஓடியதாக வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை மறுபடி செய்யலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். பிக்கப்பின் ஆயுளை முடிவு செய்வது வண்டியின் அடிச்சட்டமான சேஸ்தான், அதனால் என் பதில்கள் அடிக்கடி அங்கேயே திரும்பி வரும்.

கேள்வி: அண்ணா, என் வண்டி வருஷத்துக்கு 6,000 கி.மீ. கூட ஓடாது. எல்லாம் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டம். கையேட்டில் ஆயில் 10,000-க்கு என்று இருக்கிறது. அதுவரை விடலாமா?

விடாதீர்கள் தம்பி. ஆறு மாதம் அல்லது 5,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். கையேட்டிலேயே கடினமான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கும். குறுகிய ஓட்டம், தூசி, அதிக பாரம், இழுவண்டி எல்லாம் அதில்தான் வரும். நாலு கிலோமீட்டரில் கூலண்ட் சூடாகிவிட்டதாக முள் காட்டும், ஆனால் ஆயில் அதற்குள் சூடேறுவதில்லை. எரிந்ததில் உண்டான நீராவியும் எரியாத டீசலும் ஆயிலில் கலந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. ஆயில் மூடியின் அடியில் பாலாடை போல வெளுத்த படிவு இருந்தால் அதன் அடையாளம். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டினாலே பெரும்பகுதி ஆவியாகிவிடும். (கூலண்ட் குறைந்துகொண்டே வந்து அதோடு இந்தப் படிவும் இருந்தால், எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் என்ற அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.)

கேள்வி: பின்பக்க ஸ்பிரிங்கில் பட்டை இரண்டு சேர்த்துப் போட்டிருக்கிறேன். இப்போது லோடு ஏற்றினாலும் வண்டி உட்காருவதில்லை. கூடுதலாக 500 கிலோ ஏற்றினால் ஆயுள் குறையுமா?

கண்டிப்பாகக் குறையும், நிறையவே குறையும். வண்டி உட்காரவில்லை என்பதால் பாரம் குறைந்துவிடவில்லை. சேஸ், ஆக்ஸில், வீல் பேரிங், டயர், பிரேக் எதுவும் மாறவில்லை. அளவுக்கு மீறிவிட்டது என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

பேரிங்கின் ஆயுள் பாரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. பாரம் கால் பங்கு கூடினால் பேரிங் பாதி ஆயுளில் போய்விடும். இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். உருளை பேரிங் என்றால் இதைவிடவும் மோசம். சேஸில் விரிசல் முதலில் விடும் இடங்கள் இரண்டு: கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள பகுதி, பட்டையைத் தாங்கும் ஹேங்கர் பொருந்தும் இடம். அங்கே பெயிண்டில் முடி போலக் கோடு ஓடி, அதன் ஓரத்தில் துரு வழிந்திருந்தால் அது விரிசல்தான்.

பலரும் கவனிக்காத ஒன்று இன்னும் இருக்கிறது. பல பிக்கப்களில் பின் பிரேக் அழுத்தத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்துகிறது. சேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளியை ஒரு கம்பி வழியாக உணர்ந்து, வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். பட்டை சேர்த்ததும் முழு லோடிலும் வண்டி உயர்ந்தே நிற்கிறது. காலி வண்டி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடுகிறது. பாரம் கூடின நேரத்தில் பிரேக் குறைகிறது என்றால் எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். பட்டை சேர்த்தால் அந்த வால்வின் கம்பியைக் கையேட்டின்படி மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும்.

ஏற்றக்கூடிய அளவில் ஓட்டுநர், உடன் வருபவர்கள், தொட்டிக்கு மேல் போட்ட கூண்டு, கருவிப்பெட்டி எல்லாம் அடங்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் சரக்கின் எடை.

பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ-போல்ட்டைக் கழற்றியிருந்தால் பழையதையே மாட்டாதீர்கள். ஒரு முறை முறுக்கியதில் இழைகள் நீண்டுவிடும். புதியது போட்டு 500 முதல் 1,000 கி.மீ. கழித்து டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்குங்கள். யூ-போல்ட் தளர்ந்தால் பட்டைகளைக் கோத்திருக்கும் நடு போல்ட் வெட்டுப்பட்டு ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். பின்னால் வருபவருக்கு வண்டி நண்டு போல் கோணலாகப் போவது தெரியும்.

கேள்வி: சேஸில் துரு பிடிக்காமல் இருக்க அடியில் தார்ப்பூச்சு அடித்தால் போதுமா?

புது வண்டியில், சுத்தமான உலர்ந்த இரும்பின்மேல் அடித்தால் பயன் உண்டு. ஏற்கெனவே துரு இருக்கும் இடத்தில் அடித்தால் கெடுதல்தான். கெட்டியான பூச்சுக்கு அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு, வெளியே கறுப்பாகப் பளபளக்க, உள்ளே இரும்பு அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருக்கும். பழைய வண்டிக்கு மெழுகு கலந்த, இறுகாத பூச்சே நல்லது. இடுக்குகளில் தானே ஊறிப் போகும், வருஷத்துக்கு ஒரு முறை மேலே அடித்துக்கொள்ளலாம்.

பெட்டி வடிவச் சேஸ் உள்ளிருந்து வெளியே அரிக்கும். அடிப்பக்கம் தண்ணீர் வடியத் துளைகள் இருக்கும். சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே குளம்தான். ஒவ்வொரு முறை கழுவும்போதும் கம்பியால் குத்தித் திறந்து, ஹோஸ் பைப்பை உள்ளே விட்டுத் தெளிவான தண்ணீர் வரும்வரை அலசுங்கள். காய்ந்தபின் நீளமான நாசில் வைத்து அதே துளைகள் வழியாக மெழுகுப் பூச்சை உள்ளே தெளிக்க வேண்டும்.

உப்பு, உரம், மீன் ஏற்றினால் அன்றைக்கே தொட்டியைக் கழுவிவிடுங்கள். பிளாஸ்டிக் தொட்டி விரிப்பு இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழற்றி அடியில் பாருங்கள். விரிப்பு உராய்ந்து பெயிண்டை எடுத்திருக்கும், தண்ணீரும் அங்கேதான் தேங்கும்.

கேள்வி: கிளட்ச்சை விடும்போது அடியில் 'டங்' என்று சத்தம். 60-க்கு மேல் போனால் அதிர்வு.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டில், மூட்டுக்குள் இருக்கும் சிலுவை வடிவக் கிராஸ் தேய்ந்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள். ஜாயிண்டிலேயே ஆட்டம் தெரிந்தால் கிராஸை மாற்ற வேண்டும். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடு பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள்.

இனிமேல் 5,000 கி.மீ.க்கு ஒரு முறை கிரீஸ் அடியுங்கள். கிராஸின் நான்கு முனைக் கோப்பையிலிருந்தும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் அடுத்து உடையப் போவது. ஷாஃப்ட்டைக் கழற்றும்போது இரு பக்கமும் பெயிண்டால் குறி வைத்துவிட்டு, அதே நிலையில் மாட்டுங்கள். மாறிப் போனால் பேலன்ஸ் கெட்டு அதிர்வு தொடரும்.

கேள்வி: எஞ்சின் சூடேறுகிறது என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டார். அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம். கூலண்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். சில எஞ்சின்களில் அது திறக்கும்போது, ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றும் பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும், ஏற்றத்தில் முன்னைவிட அதிகம் சூடேறும். மற்ற எஞ்சின்களில் நேர்மாறாகக் குளிர்ந்தே ஓடும். டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். சூடேறுவதற்கான காரணத்தைத் தேடுங்கள்: ரேடியேட்டர் இதழ்களில் அடைந்த மண், அழுத்தம் தாங்காத மூடி, ஃபேன் கிளட்ச், வாட்டர் பம்ப். வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். கூலண்டும் கனிமம் நீக்கிய தண்ணீரும் சரிபாதி. ஒரே ஒரு முறை அளவுக்கு மீறிச் சூடேறினாலும் ஹெட் வளைந்துவிடலாம், முள் ஏறியவுடன் ஓரம் கட்டுங்கள்.

கேள்வி: ஏர் ஃபில்டரைக் காற்றடித்துத் திரும்பப் போடலாமா சார்?

புதியது போடுவதுதான் சரி. உடனே கிடைக்காவிட்டால் ஒரு முறை, குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளியே அடியுங்கள். பிறகு உள்ளே விளக்கைப் பிடித்துப் பாருங்கள், ஊசித்துளை அளவு வெளிச்சம் நேராகத் தெரிந்தாலும் எறிந்துவிடுங்கள். அதைவிட முக்கியமான சோதனை ஒன்று: ஃபில்டருக்கு அப்பால், டர்போவுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். மணல்தூள் ஒட்டினால் ஃபில்டர் ஓரத்திலோ கிளாம்பிலோ காற்று புகுகிறது. அந்தத் தூள் பிஸ்டன் ரிங்கை அரம் போல் ராவிவிடும். நல்ல ஆயிலால் அதை ஈடுகட்ட முடியாது.

கேள்வி: டைமிங் பெல்ட்டில் சத்தம் எதுவும் இல்லை. 1,40,000 கி.மீ. ஆகிவிட்டது. மாற்றணுமா?

பெல்ட் சத்தம் போட்டு எச்சரிப்பதில்லை, நேராக அறுந்துவிடும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். கையேட்டில் உள்ள தூரம் அல்லது வருஷம், எது முதலோ அதற்குள் மாற்ற வேண்டும். டென்ஷனர், ஐட்லர் புல்லி, வாட்டர் பம்ப் மூன்றையும் கூடவே மாற்றுங்கள். செயின் இருக்கும் எஞ்சினுக்கு இந்தக் கெடு இல்லை, ஆனால் ஆயிலைத் தள்ளிப்போட்டால் செயினும் நீளும்.

கேள்வி: டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறுகிறது. டிபிஎஃப் விளக்கும் அடிக்கடி எரிகிறது. ஏன்?

இரண்டும் ஒரே கதை. டிபிஎஃப் என்பது புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் புகைவடி. புகைவடியில் சேர்ந்த கரியை எரிக்க அங்கே சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்காகக் கூடுதல் டீசல் பீய்ச்சப்படுகிறது. பாதியில் வண்டியை நிறுத்தினால் கரி எரியாது, டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். இப்படிப் பலமுறை நடந்தால் ஆயில் நீர்த்துப் போகும். இப்போதே ஆயிலை மாற்றுங்கள், மேல் கோட்டைத் தாண்டிய நிலையில் ஓட்டவே கூடாது. பிறகு விளக்கு எரியும்போதெல்லாம் 20, 30 நிமிடம் சீரான வேகத்தில் நிற்காமல் ஓட்டுங்கள். ஆயில் டப்பாவில் சாம்பல் குறைந்த வகை என்று இருக்க வேண்டும். சாதாரண ஆயிலின் சாம்பல் புகைவடியில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

கேள்வி: அண்ணா, 1,80,000 ஓடிய பிக்கப் ஒன்றை வாங்கப் பார்க்கிறேன். எதை முதலில் பார்ப்பது?

அடியில் படுங்கள், பானட் பிறகு. சிறு சுத்தியலால் சேஸை முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது பொத்தென்று கேட்கும். பட்டை ஹேங்கர் அருகிலும் பின் ஆக்ஸில் வளைவுக்கு மேலும் இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தாங்குமிடத்தில் ஓட்டை விழுந்திருந்தாலோ வெல்டிங் ஒட்டுகள் இருந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

சேஸ் சரி என்றால் மறுநாள் காலை, இரவு முழுக்க நின்ற எஞ்சினை உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் பல கோளாறு மறைந்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் ஒரு கணம் நீலப்புகை வந்து நின்றால் வால்வு சீல். அது பெரிய செலவல்ல. தொடர்ந்து வந்தால் ரிங் அல்லது டர்போ. இனிப்பு வாடையோடு நிற்காத வெண்புகை என்றால் கூலண்ட் உள்ளே போகிறது. சூடான பிறகு, ஐட்லிங்கில் ஆயில் மூடியைக் கழற்றி வாயில் தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை, எகிறி விழுந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

கேள்வி: பின் சக்கரத்துக்குள் ஆயில் கசிகிறது. சீல் மாற்றி மூன்றே மாதத்தில் மறுபடி கசிவு. சீல் மட்டமானதா?

சீலைக் குறை சொல்வதற்கு முன் டிஃபரன்ஷியல் பிரீதரைப் பாருங்கள். ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல் ஒரு சிறு மூடியோ ரப்பர் குழாயோ இருக்கும். சேறு அடைத்துக்கொண்டால் சூட்டில் விரியும் காற்று போக வழியின்றி ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து, வாயால் ஊதினால் காற்று போகிறதா என்று பாருங்கள். பிறகு சீல் போடுங்கள். ஆக்ஸிலில் சீல் உரசும் இடத்தில் நகம் சிக்கும் அளவு பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது. ஆயில் நனைந்த பிரேக் ஷூவைக் கழுவிப் போடாதீர்கள், இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஹவுசிங் ஆயிலையும் இறக்குங்கள். பால் நிறமாக வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. திரும்ப ஊற்றுவது பெரும்பாலும் 80டபிள்யூ-90, ஜிஎல்-5 தர கியர் ஆயில். அதை மேனுவல் கியர்பாக்ஸுக்கும் ஊற்றிவிடாதீர்கள், ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் கெடக்கூடும்.