சித்தூரிலிருந்து வந்த போன்

கேள்வி: நான் காட்பாடியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலூரிலிருந்து வரும்போது, பாலாற்றுப் பாலம் தாண்டி விருதம்பட்டு பக்கம் முன்னால் போன கார் சட்டென்று பிரேக் போட்டது. என் கார் பின்னாலிருந்து இடித்துவிட்டது. சித்தூர் வண்டி. வயதான அம்மாவை சி.எம்.சி.யில் காட்டிவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த குடும்பம். அவர்கள் பின் பம்பரும் ஒரு விளக்கும் உடைந்தன. கூட்டம் கூடிவிட்டது. என் கொழுந்தனார் ஓடி வந்து 6,000 ரூபாய் ஜிபே பண்ணி அனுப்பிவைத்தார். எழுதி எதுவும் வாங்கவில்லை. என் வண்டிக்குப் பட்டறையில் 11,500 சொல்கிறார்கள். வண்டி வாங்கி மூன்றரை வருடம், இதுவரை கிளெய்ம் போட்டதில்லை. அதனால் பிரீமியத்தில் 35 சதவீதம் போனஸ் தள்ளுபடி இருக்கிறது. இன்சூரன்ஸில் போடச் சொல்கிறார் கணவர். ஸ்டேஷன், கோர்ட் என்று அலையவேண்டி வரும், கையிலிருந்து போட்டு முடித்துவிடலாம் என்கிறார் கொழுந்தனார். இதற்கிடையே நாலாம் நாள் அவர்களிடமிருந்து போன். டிக்கிக் கதவு மூடவில்லை, இன்னும் 12,000 வேண்டுமாம். அம்மாவுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லையாம். உண்மையா, பணம் பிடுங்கவா என்று தெரியவில்லை. என்ன செய்வது?
— வாசகி, காட்பாடி

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் கழுத்து வலியிலிருந்து நான் ஆரம்பிக்கிறேன். அது வந்த பிறகு 11,500, 12,000 எல்லாம் இரண்டாம்பட்சம்.

உண்மையா பொய்யா என்று கேட்கிறீர்கள். உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து இடி வாங்கும்போது தலை ஒருமுறை பின்னுக்குப் போய் முன்னுக்கு வரும். கழுத்துச் சதை இழுபட்ட வலி அந்த நிமிஷமே தெரியாது. மறுநாள், அதற்கடுத்த நாள் காலையில் எழும்போது கழுத்து பிடித்துக்கொண்டிருக்கும். வயதானவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அன்று ரோட்டில் "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னவர் நாலாம் நாள் வலிக்கிறது என்று சொன்னால், அதனால் மட்டும் அவர் ஏமாற்றுக்காரர் ஆகிவிட மாட்டார். ஆகவே முதல் வேலையாக அந்த அம்மாவிடம் பேசுங்கள். காட்பாடியில் இருக்கிறவர்களுக்குத் தெலுங்கு தெரியாமல் இருக்காது, உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பக்கத்து வீட்டில் யாராவது பேசுவார்கள். எந்த டாக்டரிடம் காட்டினார்கள், எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் உடனே எடுக்கச் சொல்லுங்கள். விசாரிப்பதால் நீங்கள் எந்தச் சிக்கலிலும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். "தப்பு என்னுதுதான், எல்லாச் செலவும் நான் பார்த்துக்கறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதுதான் சிக்கல்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் பாலிசியை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படியுங்கள். விபத்து நடந்தால் உடனே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கும். கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ, கொடுக்கவோ கூடாது என்றும் இருக்கும். கொழுந்தனார் நல்ல மனசோடு செய்ததுதான், ஆனால் அந்த 6,000 இந்த வரியைத் தாண்டிவிட்டது. அதை மறைக்காதீர்கள். கம்பெனிக்கு எழுதும்போது நடந்ததை நடந்தபடி எழுதிவிடுங்கள்.

தகவல் தெரிவிப்பதைப் பற்றி மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134-ம் சொல்கிறது. யாருக்காவது அடிபட்டால் ஓட்டுநர் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்தில் தகவல் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத வேண்டும். உங்களுக்கு நேரம் தாண்டிவிட்டது. பரவாயில்லை, நாளைக் காலையில் கணவரோடு போங்கள். அன்று யாரும் அடிபட்டதாகச் சொல்லவில்லை, நேற்றுதான் போனில் தெரிந்தது என்று உள்ளபடி எழுதிக் கொடுத்து, நகலில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ், ஆர்.சி., பாலிசி மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும்.

கொழுந்தனார் பயப்படும் கோர்ட் விஷயத்தையும் பேசிவிடுகிறேன். அந்த அம்மா விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டால், விபத்து நடந்த வேலூரிலும் போடலாம், அவர் குடியிருக்கும் சித்தூரிலும் போடலாம். சட்டம் அவருக்கு அந்த வசதியைக் கொடுத்திருக்கிறது. அப்படி வந்தால் வாதாட வேண்டியது கம்பெனி வக்கீல், தீர்ப்பாகும் தொகையைக் கட்டுவது கம்பெனி. மூன்றாம் நபருக்கு, அதாவது உங்கள் வண்டியால் பாதிக்கப்பட்ட வெளியாருக்கு, உடலில் காயம் என்றால் அந்தத் தொகைக்கு உச்சவரம்பே கிடையாது. அதற்காகத்தான் வருஷா வருஷம் கட்டாய பிரீமியம் கட்டுகிறீர்கள். ஆயிரம் சி.சி.க்கு மேல், ஆயிரத்து ஐந்நூறு வரை உள்ள கார் என்றால், 2022-ல் நிர்ணயித்தபடி அந்தப் பங்கு 3,416 ரூபாய். அதைக் கட்டிவிட்டு, ஒரு முதியவரின் கழுத்துக்கு ரோட்டோரம் விலை பேசி முடிப்பது அவருக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் பாதுகாப்பில்லை. பத்தாயிரம் வாங்கிக்கொண்டு "இனி கேட்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்தாலும், நாளை எலும்பில் பிரச்சினை என்று ஸ்கேன் சொன்னால் அந்தப் பேப்பரை நம்பி நீங்கள் நிம்மதியாக இருக்க முடியாது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். இதில் கொழுந்தனார் சொல்வதுதான் சரி, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே சொல்கிறேன்.

போனஸ் என்பது சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும் கிடைக்கும் தள்ளுபடி. கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி 20-லிருந்து ஏற வேண்டும். தள்ளுபடிக்கு முன் உங்கள் பிரீமியம் 9,000 என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த வருஷம் 45 சதவீதம் கழியும், அதற்கப்புறம் 50. போட்டால் அடுத்த வருஷம் ஒன்றுமில்லை, பிறகு 20, 25, 35, 45. முதல் வருஷ வித்தியாசம் மட்டும் 4,050. ஐந்து வருஷத்தைக் கூட்டினால் 10,800. வண்டியின் மதிப்பு குறையக் குறைய இது கொஞ்சம் இறங்கும், ஆனால் பெரிதாக மாறாது. முதல் வருஷத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறவர்கள்தான் அதிகம்.

கிளெய்ம் போட்டால் கைக்கு எவ்வளவு வரும்? 11,500-ல் பம்பர் 4,500, பெயின்ட் 4,000, பானெட் டிங்கரிங்கும் மாட்டுக்கூலியும் 3,000 என்று பிரித்துக்கொள்வோம். பிளாஸ்டிக் சாமானுக்குத் தேய்மானம் பாதி, ஆகவே பம்பரில் 2,250 போச்சு. பெயின்ட் செலவில் கால்வாசியைப் பொருள் என்று கணக்கிட்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், 500 போச்சு. கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய 1,000 தனி. மிச்சம் 7,750. இதற்காக 10,800-ஐ விடுவீர்களா? தேய்மானம் கழிக்காத 'பம்பர் டு பம்பர்' பாலிசியாக இருந்தாலும் 10,500-தான் வரும்.

ஆனால் அந்த 11,500 பம்பரைக் கழற்றிப் பார்த்துச் சொன்னதா, வெளியிலிருந்து பார்த்துச் சொன்னதா? சத்துவாச்சாரியில் ஒரு டிங்கரிங் பட்டறையில் பெரியவர் ஒருவர் வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். எஸ்டிமேட் எழுதும் முன் பானெட்டுக்கும் பக்கத்து ஃபெண்டருக்கும் நடுவிலிருக்கும் சந்தில் சுண்டு விரலை விட்டுப் பார்ப்பார். இடது பக்கம் விரல் போய், வலது பக்கம் நகம் மட்டும் நுழைந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவார். உள்ளே ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி நகர்ந்திருந்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று கழற்றும் வரை தெரியாது. முப்பதாயிரம் ஆகும் என்றால் என் பதிலும் மாறும், தயங்காமல் கிளெய்ம் போடுங்கள். எப்படியானாலும் விபத்தைக் கம்பெனிக்கு இன்றே தெரிவிக்கிறீர்கள் அல்லவா, சொந்த வண்டிச் சேதத்துக்குக் கிளெய்ம் கேட்கவில்லை என்று அதிலேயே ஒரு வரி எழுதும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாம் நபர் வழக்கு தனி, அது வந்ததற்காக இந்த போனஸ் போகாது.

அவர்கள் கேட்கும் 12,000 பற்றி. முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றாலும் மோதாத அளவு இடைவெளி விட வேண்டியது பின்னால் வருகிறவர். டிக்கிக் கதவும் அந்த இடியில் கோணியிருக்கலாம். அவர்கள் மனத்தாங்கல் நியாயமானது. அதற்காக இன்றே ஜிபே பண்ணாதீர்கள். பட்டறை பில்லும், கதவின் போட்டோவும், அவர்கள் ஆர்.சி. நகலும் அனுப்பச் சொல்லுங்கள். அவற்றை உங்கள் கம்பெனிக்கு அனுப்பிக் கேளுங்கள், மற்றவர் சொத்துச் சேதத்துக்குக் காரில் 7.5 லட்சம் வரை பொறுப்பு உண்டு. அவர்களிடம் சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்த முழு பாலிசி இருந்தால் அதிலேயே சரிசெய்துகொள்ளவும் வழியிருக்கிறது. கையிலிருந்து கொடுக்கக் கம்பெனி எழுத்தில் சம்மதித்தால், ஏற்கெனவே கொடுத்த 6,000-ஐக் கழித்துக்கொண்டு நேராகப் பட்டறைக் கணக்குக்கே அனுப்பி, கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோட்டில் கூட்டம் கூடினதும் வண்டியை ஓரங்கட்டத்தான் தோன்றும். அதற்கு முன் அரை நிமிஷம் எடுத்து, இரண்டு நம்பர் பிளேட்டும் கீழே சிதறிய கண்ணாடியும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. எம்பரிவாகன் செயலியில் எதிர் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். யாருக்கும் அடி இல்லை, இரண்டு தரப்பும் அவரவர் செலவைப் பார்த்துக்கொள்வது என்று முடிவானால், நோட்டில் கிழித்த ஒரு தாள் போதும்: தேதி, நேரம், இடம், இரண்டு வண்டி எண், கொடுத்த தொகை, இரண்டு கையெழுத்து.

உங்கள் வண்டியைப் பட்டறையில் விட்டிருந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் நேரில் பார்க்க வேண்டுமா, போட்டோ போதுமா என்று கம்பெனி சொல்லட்டும். அதுவரை கழற்றின பழைய பம்பரையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாமல் ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.