விடுதியின் ‘ஐந்து நட்சத்திரம்’ எதைக் குறிக்கிறது? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

வண்ணாரப்பேட்டையில் வசிப்பவர்கள், திருமண நாளுக்கு ஓர் இரவு பெரிய விடுதியில் தங்க நினைக்கும்போது என்னிடம் கேட்கும் கேள்வி இது.

நட்சத்திரம் என்பது வசதிகளுக்கான சான்று. விண்ணப்பிக்கும் விடுதிகளை மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு நேரில் பார்த்து வழங்குகிறது. 5 ஆண்டுகள் செல்லும். அறையின் அளவு, உணவகம் போன்றவற்றைச் சரிபார்க்க முடியும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தையும் இரவின் அமைதியையும் எந்தப் படிவத்தில் எழுதுவது? அதனால்தான் நட்சத்திரம் மட்டும் போதாது.

எம்.சி. ரோட்டில் பட்டுப்புடவை வாங்கும் அம்மாக்களைப் பாருங்கள். விலைச்சீட்டைப் படித்ததும் முந்தானையைத் திருப்பி, உள்பக்க நூலை விரலால் தடவுவார்கள். விடுதியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பழமை பிடிக்குமென்றால் பின்னி சாலையில் உள்ள தாஜ் கன்னிமாரா. 1886 முதல் 1890 வரை சென்னை ஆளுநராக இருந்தவரின் பெயரைத் தாங்கியது. பிரம்மாண்டம் வேண்டுமென்றால் கிண்டியில் 2012-ல் திறந்த, 600 அறைகள் கொண்ட ஐடிசி கிராண்ட் சோழா. இரண்டுக்கும் வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரே மெட்ரோ நீலத் தடம்தான். என் தேர்வு கன்னிமாராதான். ஒரே இரவு என்றால் கட்டடமே கதை சொல்ல வேண்டும். முன்பதிவின்போதே சாலைப் பக்கம் இல்லாத அறையைக் கேளுங்கள்.

‘ஏழு நட்சத்திர விடுதி’ உண்டு என்று பலர் நம்புகிறார்கள். இந்திய அரசின் தரவரிசையில் அப்படி ஒன்று கிடையாது, ‘ஐந்து நட்சத்திர டீலக்ஸ்’தான் உச்சம்.