20 வருஷ பழைய ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கி வீட்டுலயே ரெடி பண்ண லோன் போடலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில குவாலிட்டி டிபார்ட்மென்ட்ல இருக்கேன். வயசு 33, கைக்கு 62,000 வருது. வாடகையோட சேத்து வீட்டுச் செலவு 44,000, எஸ்ஐபி 6,000, மிச்சம் 12,000. எஃப்டி 3 லட்சம், சேவிங்ஸ்ல 1.10 லட்சம் இருக்கு. இன்சூரன்ஸ்னா கம்பெனி குரூப் பாலிசி மட்டும்தான். மனைவி, 3 வயசு பொண்ணு. காலேஜ் நாள்ல இருந்தே ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் மேல பைத்தியம். இப்ப ஒரு 2004 மாடல் விலைக்கு வந்திருக்கு, 2.75 லட்சம் சொல்றாங்க. ஆர்சி முடிஞ்சு 20 மாசம் ஆச்சு, வண்டி ஷெட்ல நிக்குது. லீவு நாள்ல நானே வீட்டுல வேலை பாத்துக்குவேன், 1.25 லட்சம் போதும்னு நினைக்கிறேன். மொத்தம் 4 லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், 4 வருஷம். இல்லேன்னா மனைவி நகையை அடகு வச்சுக்கலாமா? பின்னாடி விலை ஏறும், இதுவும் இன்வெஸ்ட்மென்ட் தான்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க.

பதில்: தம்பி, வண்டி வாங்காதீங்கன்னு நான் சொல்லப்போறதில்ல. ஆசைப்பட்ட ஒண்ண சொந்தக் கையால சரி பண்ணி ஓட்டறது நல்ல விஷயம், அதுக்கு காசு ஒதுக்கறதும் தப்பில்ல. ஆனா கடன் மட்டும் வேணாம், நகையும் வேணாம். பர்சனல் லோன் உங்க கணக்குப்படியே போட்டா ஈஎம்ஐ சுமார் 10,930 வருது, 4 வருஷத்துல வட்டி மட்டும் 1.25 லட்சம் கிட்ட. உங்களுக்கு மாசம் மிஞ்சறது 12,000. ஈஎம்ஐ போக கையில நிக்கறது ஆயிரத்து எழுபது ரூபா, அத வச்சு அந்த வண்டிக்கு ஒரு தடவை இன்ஜின் ஆயில் கூட மாத்த முடியாது.

என் சொந்தத் தம்பிக்கு நடந்தத சொல்றேன். பழைய கார் ஒண்ண லோன் போட்டு வாங்கி, இன்ஜினோட மேல்பாகமான ஹெட்ட கழட்டி மெஷின் ஷாப்ல குடுத்தான், அவங்க இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தாங்க, வந்தப்ப வேலை சரியில்ல, திரும்ப குடுக்கணும், அதுக்குள்ள கையில இருந்த காசு தீந்துபோச்சு. 26 மாசம் வண்டி ஸ்டாண்டு மேலயே நின்னுச்சு. போல்ட் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, "இன்டேக்", "எக்ஸாஸ்ட்"னு பேப்பர் ஒட்டி அடுக்கி வச்சிருந்தான், அந்தப் பேப்பர் மஞ்சளாகி எழுத்தே அழிஞ்சுபோச்சு. மாசா மாசம் 5-ஆம் தேதி மட்டும் ஈஎம்ஐ எடுத்த மெசேஜ் கரெக்டா வந்துரும். வீட்டுல வச்சு வேலை பாக்கற வண்டி எப்ப எழும்பும்னு யாராலயும் சொல்ல முடியாது, ஆனா வண்டி நின்னாலும் வட்டி நிக்காது, அதான் இந்த மாதிரி வண்டிக்கு மட்டும் கடனே ஆகாதுன்னு சொல்றேன். நகையும் அப்படித்தான், மீட்க முடியாம மறுஅடகு வச்சுட்டே போற நிலைமை வந்தா வண்டி மேல இருக்கற சந்தோஷமே போயிரும்.

அடுத்து உங்க 1.25 லட்சம் கணக்கு. ஆர்எஸ் பத்தி உங்களுக்கு என்னை விட நல்லா தெரியும், ஆனாலும் காசுக் கண்ணோட பாத்து சொல்றேன். இன்ஜினுக்குள்ள வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிற டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு பில்லோட காட்டுனா சரி, இல்லேன்னா இன்ஜின ஒழுங்கா ஓட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணும் சேத்து மாத்தறதுக்கு காசு எடுத்து வைங்க. அந்த 1.8 டர்போல பெல்ட் அறுந்தா வால்வு நேரா பிஸ்டன்ல அடிக்கும், அப்புறம் ஹெட் செலவு ரொம்ப பெருசாயிரும். பழைய வாட்டர் பம்புல உள்ள சுத்தற விசிறி பிளாஸ்டிக்கா இருந்தா அது உடைஞ்சு வண்டி ஹீட் ஆகறதும் உண்டு. இன்ஜினுக்கு அடில ஆயில் நிக்கற சம்ப்ப கழட்டி ஆயில் உறிஞ்சற வலைய க்ளீன் பண்றது இன்னொண்ணு, அதுல சகதி அடைச்சா மொதல்ல போறது டர்போ. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், அதுக்காக செஞ்ச வண்டி இல்ல இது, அதனால பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் புதுசா போட்டுருங்க.

வீட்டுலயே தாராளமா பாக்கக்கூடியது எதுன்னா ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக், இக்னிஷன் காயில், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், வேக்யூம் ஹோஸ், பிரேக் பேடு, சீட்டு கார்பெட்டு வேலை. இதுலயே கூலி நிறைய மிச்சம். டைமிங், டர்போ, ஏர்பேக், பெயிண்டிங் இதெல்லாம் தெரிஞ்சவங்க கிட்ட குடுத்துருங்க. போல்ட்ட சரியான அளவு இறுக்கற டார்க் ரென்ச் நல்லதா ஒண்ணு, ஸ்டாண்டு நாலு, ஒரு ஸ்கேனர் கேபிள், இதையெல்லாம் செலவுக் கணக்குல சேக்கல நீங்க. வெறும் ஜாக்கிய நம்பி வண்டிக்கு அடில போகவே கூடாது, வீட்டுல குழந்தை இருக்கு.

பார்ட்ஸ் விஷயத்துல ஒரு நல்லது ஒரு கெட்டது. பாடி, கதவு, சஸ்பென்ஷன் நிறைய சாதா ஆக்டேவியாவோடதே சேரும், அந்த வண்டி 2010 வரைக்கும் வித்தாங்க, சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய பார்ட்ஸ் விக்கற இடத்துல தேடலாம். ஆனா ஆர்எஸ் பம்பர், சீட்டு, வீலு தனி. இன்ஜினும் சாதா ஆக்டேவியா டீசல் கூட சேராது, பின்னாடி ஸ்கோடா லாராங்கற கார்ல வந்த 1.8 டிஎஸ்ஐ பேரு ஒரே மாதிரி இருக்கும், அது செயின் வச்ச வேற இன்ஜின். அதனால பாக்கப் போறப்ப பம்பர்ல விரிசல் இருக்கா, நாலு வீலும் ஒரிஜினலான்னு மொதல்ல பாருங்க, அங்க குறைஞ்சா விலையிலயும் குறைக்கணும்.

இப்ப ஆர்சி. 20 வருஷம் தாண்டின காருக்கு ரினியூவல் ஃபீ 2025 ஆகஸ்ட்ல இருந்து 10,000. லேட் ஆன ஒவ்வொரு மாசத்துக்கும் 500, 20 மாசத்துக்கு இன்னொரு 10,000. கிரீன் டாக்ஸ் தனி. வண்டி ஓடற நிலைமைல இருந்து ஆர்டிஓ டெஸ்ட்ல பாஸ் ஆனா தான் இதெல்லாம் நடக்கும், அதாவது வேலை முடியற வரைக்கும் ரோட்டுல இறக்கவே முடியாது. நீங்க தள்ளிப்போட்டா மாசம் 500 ஏறிட்டே இருக்கும், அதனால விக்கறவர் பேர்லயே ரினியூ பண்ணித் தரச் சொல்லுங்க, முடியாதுன்னா அந்தத் தொகைய விலையில கழிங்க. பரிவாகன்ங்கற அரசாங்க வெப்சைட்ல நம்பர் போட்டு பழைய ஃபைன், வண்டி மேல பேங்க் கடன் (ஹைப்போதிகேஷன்) எதுவும் நிக்குதான்னும் பாத்துருங்க.

இன்வெஸ்ட்மென்ட்ன்னு சொன்னத மனசுல இருந்து எடுத்துருங்க. வின்டேஜ்னு அரசாங்கம் தனியா பதிவு பண்றது 50 வருஷம் ஆன வண்டிய, உங்களுது 2054ல தான் அந்தப் பக்கம் போகும். சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கற கார லாபத்துக்கு வித்தா வரி இல்ல, உண்மைதான், ஆனா நஷ்டம் வந்தா அத எதுலயும் கழிக்கவும் முடியாது. இன்சூரன்ஸும் அப்படித்தான், 10 வருஷம் தாண்டின வண்டிக்கு கிளெய்ம்ல மெட்டல் பார்ட்ஸ் விலையில 50 சதவீதம் தேய்மானம்னு கழிச்சிருவாங்க, பாதி உங்க கையில இருந்து தான்.

சரி, என்ன பண்ணலாம்? 6 மாச வீட்டுச் செலவு 2.64 லட்சம், அத எஃப்டில தொடாம விடுங்க. உங்க மொத்த 4.10 லட்சத்துல அது போக 1.46 லட்சம் இருக்கு. இந்த மாசமே உங்க பேர்ல ஒரு டெர்ம் பாலிசி, அதாவது உயிர் காப்பீடு மட்டும் தர்ற பாலிசி எடுங்க, வேலை மாறினா கம்பெனி பாலிசி கூட வராது. பிரீமியம் மாசம் ஆயிரம்னு வச்சா மிச்சம் 11,000, ஒரு வருஷம் சேத்தா 1.32 லட்சம். மொத்தம் 2.78 லட்சம் கையில, எஸ்ஐபிய நிறுத்தாமலே. அதுல வண்டிக்கு 1.75 லட்சத்துக்கு மேல போகக் கூடாது, மீதி ஒரு லட்சம் மொத ரவுண்டு வேலைக்கு, அப்புறம் மாசா மாசம் 11,000 அளவுக்கு வேலை. ஒரு மாசம் பிரேக், அடுத்த மாசம் சஸ்பென்ஷன் புஷ், இப்படிப் போனா வண்டி ரெண்டு வருஷம் ஆனாலும் யாருக்கும் நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல.

ஒரு வருஷத்துல இந்த வண்டி கைமாறிரும்னு பயப்படுவீங்க, புரியுது. ஆர்சி இல்லாம ஷெட்ல நிக்கற வண்டிக்கு ஆள் அவ்வளவு சீக்கிரம் வரமாட்டாங்க, வந்தா வரட்டும், வேற வண்டி கிடைக்கும். அட்வான்ஸ் எதுவும் குடுத்துறாதீங்க. வாடகை வீடுன்னு எழுதியிருக்கீங்க, போர்டிகோல வண்டி பிரிச்சுப் போட வீட்டு ஓனர் ஒத்துக்குவாரான்னு இப்பவே கேட்டு வைங்க. இந்த ஞாயித்துக்கிழமை போய் டைமிங் பெல்ட் பில்லும் ஆர்சி காப்பியும் மட்டும் கேட்டு வாங்கிட்டு வாங்க, அது ரெண்டும் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்க, விலைய எவ்வளவு குறைச்சு கேக்கலாம்னு அப்ப உக்காந்து பாப்போம்.